பூஜ்ஜியம் என்றால் இளக்காரமா?



"ஆண்டு மலருக்குக் கவிதை, சிறுகதை, கட்டுரை, துணுக்கு வரவேற்கப்படுகின்றன" என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியதைப் பார்த்ததும் எனக்கும் எழுத ஆசை வந்தது. கவிதை எனக்கு வராது. காதலைப் பற்றி எழுத நம் வகுப்பிலேயே பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். அதனால் நான் தோற்றுப்போய்க் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை எழுதுகிறேன். அது கணக்கு. "ஐயையோ, மலரிலுமா கணக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இரண்டு நிமிடம் பொறுங்கள். எங்க அப்பாவும் இந்தக் கட்டுரையில் வருகிறார்.

முதலில் என் கட்சி என்ன என்று சொல்லிவிடுகிறேன். இருபடிச் சார்பின் பூஜ்ஜியங்களைக் காரணிப்படுத்திக் கண்டுபிடிக்கும் முறையைப் பத்தாம் வகுப்போடு நாம் தலைமுழுகிவிடுகிறோம். டிப்ளமோவுக்கு வந்ததும் சூத்திரம், கால்குலேட்டர், போன்! இது தவறு. முதலாண்டு மாணவருக்குச் சூத்திரத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால், காரணி காணும் பழக்கத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும். ஏன் என்பதற்கு என் கதையே சாட்சி.

பங்ஷனும் ஜீரோவும்

நான் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில், அரசுப் பள்ளியில் படித்தவள். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனார், மூன்றாம் வகுப்பு. அம்மா அதே வேலைக்குச் சித்தாளாகப் போகிறவர், பள்ளிக்கூட வாசலை மிதித்ததே என்னைச் சேர்க்க வந்தபோதுதான்.

இங்கே சேர்ந்த முதல் வாரம். கணக்கு வகுப்பில் கரும்பலகையில் ஒரு வரி எழுதப்பட்டது. "ஃபைண்ட் தி ஜீரோஸ் ஆஃப் தி குவாட்ராடிக் ஃபங்ஷன்." என்னை எழுப்பி, "என்ன கேட்டிருக்கு, சொல்லு" என்றார்கள். எங்கள் ஊரில் பங்ஷன் என்றால் காதுகுத்து, சடங்கு, கிரகப்பிரவேசம். ஜீரோ என்றால் முட்டை. விசேஷ வீட்டில் முட்டையைத் தேடச் சொல்கிறார்களா? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பேசாமல் நின்றேன். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

இத்தனைக்கும் "இருபடிக் கோவையின் பூச்சியங்களைக் காண்க" என்று பள்ளியில் கேட்டபோது வரிசையாகப் போட்டுத் தள்ளியவள் நான். கோவைக்குப் பூச்சியம், சமன்பாட்டுக்கு மூலம் என்று வேறுபாடு கூடச் சொல்லுவேன். தெரிந்த ஆளே முக்காடு போட்டுக்கொண்டு எதிரில் வந்தால் அடையாளம் தெரியுமா? அப்படித்தான் ஆயிற்று. அன்றைக்கு வாயை மூடியவள்தான், அந்தப் பருவம் முழுக்கத் திறக்கவில்லை.

பிறகு என்ன? "மைனஸ் பி, பிளஸ் ஆர் மைனஸ்..." என்று தொடங்கும் சூத்திரத்தை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்தேன். மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி. செவ்வக அறையின் சுற்றளவு 44 அடி, பரப்பு 120 சதுர அடி. நீளம், அகலம் என்ன? சமன்பாடு எப்படியோ சரியாக வந்துவிட்டது. சூத்திரத்தில் போடும்போது குறியைத் தப்பவிட்டேன். விடை மைனஸ் 10, மைனஸ் 12 என்று வந்தது. அடியில் இரண்டு கோடு போட்டு, கட்டம் கட்டி, நீட்டாகக் கொடுத்துவிட்டு வந்தேன்! மைனஸ் 10 அடி அகலத்தில் எந்த ஊரில் அறை கட்டுவார்கள் என்று ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. கொத்தனார் மகள் செய்த காரியம் இது. பல்கலை மேதைகள் கூடத் தவறு செய்வார்கள் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் விடை கண்ணெதிரே கேலி செய்தும் எனக்கு உறைக்கவில்லையே, அதுதான் ஆபத்து. பருவத் தேர்வில் கணக்கு அரியர்.

அரியர் என்றால் பணமா?

வீட்டில் சொல்ல இரண்டு நாள் தைரியம் வரவில்லை. மூன்றாம் நாள் இரவு சொன்னேன். "அப்பா, எனக்கு ஒரு அரியர் வந்திருக்கு." அப்பா முகம் மலர்ந்துவிட்டது! "எவ்வளவு தாயி?" என்றார். ஒருமுறை அவர் வேலை பார்த்த வீட்டு வாத்தியார், "அரியர் வரட்டும், மாடி எடுத்துடலாம்" என்று சொன்னாராம். அதனால் அரியர் என்றால் பணம் வரும் என்று நினைத்துவிட்டார். அவருக்கு விளக்கிச் சொல்லும்போது நான் அழுதுவிட்டேன். அம்மாவும் அழுதார். அப்பா அழவில்லை. கரணையைக் கழுவிக்கொண்டே, "அப்படி என்னதான் கேட்டாங்க, சொல்லு பாப்போம்" என்றார்.

மனதில் அந்த மைனஸ் 10 தான் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அந்த அறைக் கணக்கையே சொன்னேன்.

"பத்துக்குப் பன்னெண்டு. பெட்ரூம் சைஸு. இதுக்கா பரீட்சை?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிப்பா?" என்றேன். "நாலு சுவத்துக்கு 44ன்னா, ரெண்டு சுவத்துக்கு 22. கூட்டுனா 22 வரணும், பெருக்குனா 120 வரணும். பத்தும் பன்னெண்டும்தானே?"

தோழர்களே, இது என்ன? இதுதான் காரணிப்படுத்துதல்! கண்டுபிடிக்க வேண்டியதைக் 'க' என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் க, இன்னொரு பக்கம் 22 − க. பெருக்கினால் 120. ஒழுங்காக எழுதினால்:

க² − 22க + 120 = 0

பெருக்கினால் 120, கூட்டினால் மைனஸ் 22 வரும் இரண்டு எண்கள் வேண்டும். மைனஸ் 10, மைனஸ் 12. நடு உறுப்பைப் பிரிக்கிறோம்:

க² − 10க − 12க + 120 = 0
க(க − 10) − 12(க − 10) = 0
(க − 10)(க − 12) = 0

ஆகவே க = 10 அல்லது க = 12. மூன்றாம் வகுப்பு படித்தவர் கரணை கழுவும் நேரத்தில் போட்ட கணக்குக்கு நான் ஒரு பக்கம் மந்திரம் ஓதித் தப்பான விடை எழுதியிருக்கிறேன்.

விட்டேனா? "எட்டும் பதினாலும் கூட்டினாலும் 22 தானேப்பா?" என்றேன். "அது 112 தான் ஆவும். நீளவாக்குல இழுத்தா தரை குறையும் தாயி." "அப்ப அதிகபட்சம் எவ்வளவு கிடைக்கும்?" "பதினொண்ணுக்குப் பதினொண்ணு, 121. அதுக்கு மேல ஒரு அடி கேட்டாலும் 44 அடிக் கயிறு பத்தாது."

அன்றிரவு தூங்கவில்லை. அப்பா சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிப் பார்த்தேன். கடைசி எண் 120 என்றால் வரைபடம் கிடை அச்சை 10லும் 12லும் வெட்டுகிறது. 112 என்றால் 8லும் 14லும் வெட்டுகிறது. 121 என்றால் (க − 11)(க − 11), அச்சை 11இல் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. 122 என்றால் அச்சைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது. "கயிறு பத்தாது" என்று அப்பா சொன்னதைத்தான் நமது புத்தகம் "மெய் மூலங்கள் இல்லை" என்கிறது! பூஜ்ஜியம் என்பது முட்டை அல்ல. அந்த வளைவு தரையைத் தொடும் இடம் அது.

ஏன் பூஜ்ஜியத்துக்கு மட்டும் இந்த மரியாதை?

பலர் செய்யும் ஒரு தவற்றை இங்கே சொல்ல வேண்டும். (க − 10)(க − 12) = 8 என்று கொடுத்தால், உடனே க − 10 = 8, ஆகவே க = 18 என்று எழுதிவிடுகிறோம். போட்டுப் பாருங்கள். 8 × 6 = 48. தப்பு! இரண்டு எண்களைப் பெருக்கி 8 வர எத்தனையோ வழி உண்டு. ஆனால் பெருக்கி 0 வர ஒரே வழிதான்: இரண்டில் ஒன்றாவது 0 ஆக இருக்க வேண்டும். அதனால்தான் எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து மறுபக்கம் பூஜ்ஜியம் ஆக்குகிறோம். இந்தக் கணக்கில் 8ஐ இந்தப் பக்கம் கொண்டுவந்தால் க² − 22க + 112 = 0. அதாவது (க − 8)(க − 14) = 0. விடை 8, 14. அப்பாவின் நீள அறை!

முன்னால் ஓர் எண் நின்றாலும் பயம் வேண்டாம். 6க² − 7க − 3 = 0 என்றால், முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பெருக்குங்கள்: மைனஸ் 18. பெருக்கினால் மைனஸ் 18, கூட்டினால் மைனஸ் 7 வருபவை மைனஸ் 9, 2. பிரித்தால் (2க − 3)(3க + 1) = 0. விடை 3/2, மைனஸ் 1/3. இவ்வளவுதான் வித்தை. வாய்ப்பாடு தெரிந்தால் போதும்.

இது நேற்று வந்த சமாச்சாரமும் அல்ல. கூட்டுத்தொகையும் பெருக்குத்தொகையும் கொடுத்துப் பக்கங்களைக் கேட்கும் கணக்குகளைப் பாபிலோனியர்கள் சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன்பே களிமண் பலகைகளில் எழுதினார்கள். நம் நாட்டில் பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டு எழுதிய நூலில், பூஜ்ஜியத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்ஜியமே என்று விதி வகுத்தார். அதைத் திருப்பிப் பார்த்தால் கிடைப்பதுதான் நாம் மேலே பயன்படுத்திய விதி. காரணிகளின் பெருக்கலைப் பூஜ்ஜியத்துக்குச் சமமாக எழுதிப் பார்த்தவர் இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட். அவர் 1621இல் இறந்து, பத்தாண்டு கழித்து 1631இல்தான் அவருடைய புத்தகம் வெளிவந்தது.

சூத்திரக் கட்சியினருக்குப் பதில்

"எல்லா இருபடியும் காரணிக்கு மசியாதே. சூத்திரம் எல்லாவற்றுக்கும் செல்லுமே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். க² முன்னால் எண் இல்லாமல், நடு எண் 1 முதல் 10 வரை, கடைசி எண் 1 முதல் 10 வரை வைத்தால் 100 கோவைகள். அதில் முழு எண்களால் காரணிப்படுவது வெறும் 14! புத்தகத்தில் எல்லாமே காரணிப்படுகிறது என்றால், பொறுக்கி எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அறைக் கணக்கிலேயே 120க்குப் பதில் 115 என்று வையுங்கள். எந்த முழு எண்ணும் ஒத்துவராது. சூத்திரம் போட்டால் 11 கூட்டல் கழித்தல் வர்க்கமூலம் 6. அதாவது சுமார் 13 அடி 5½ அங்குலம், 8 அடி 6½ அங்குலம். அப்பாவால் இதை மனக்கணக்காகச் சொல்ல முடியவில்லை. "டேப்பு வச்சுப் பாக்கணும்" என்றார். ஆக, சூத்திரம் வேண்டும். நான் அதற்கு எதிரி அல்ல. ஆனால் 100இல் 14தான் என்பதைக் கூட, காரணி பார்க்கத் தெரிந்ததால்தானே எண்ண முடிந்தது?

"கால்குலேட்டரில் ஈக்வேஷன் மோடு இருக்கு. போனில் படம் எடுத்தாலே விடை வருது. எதுக்கு இந்தப் பாடு?" என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பதில் என் துறையிலேயே கிடைத்தது. இரண்டு சுவர்மேல் உட்கார்ந்திருக்கும் உத்திரத்தில் மீட்டருக்கு 'எ' எடை சீராகப் பரவியிருக்கிறது. நீளம் 'நீ'. ஒரு முனையிலிருந்து க தூரத்தில் வளைவுத் திருப்புமை:

(எ/2) × க × (நீ − க)

பாருங்கள், இது காரணிப்படுத்தியே எழுதப்பட்டிருக்கிறது. எங்கே பூஜ்ஜியம்? க = 0, க = நீ. அதாவது இரண்டு சுவர்களும். நடுவில்தான் அதிகம். ஒரு கணக்கும் போடாமல் உத்திரமே கண்முன் தெரிகிறது! இதையே பிரித்துப் போட்டு மிஷினில் தட்டினால் இரண்டு எண் வரும். உத்திரம் தெரியாது.

இன்னொன்று. 4 மீட்டர் இடைவெளி, அதைத் தாண்டி 2 மீட்டர் வெளியே நீட்டியிருக்கும் உத்திரம், அதே சீரான எடை. கணக்குப் போட்டால் இரண்டு தாங்கிகளுக்கும் இடையே (எ/2) × க × (3 − க) என்று வரும். பூஜ்ஜியம் 0இலும் 3இலும். அந்த 3 மீட்டர் வரைக்கும் இழுவிசை அடியில். அதைத் தாண்டினால் மேலே. கம்பி கீழே வேண்டுமா, மேலே வேண்டுமா என்பது மாறும் இடமே அந்தப் பூஜ்ஜியம்! "சன்ஷேடுக்கு மேல் கம்பி போடணும், கீழே போட்டா உக்காந்துடும்" என்று அப்பா அடிக்கடி சொல்வார். அவர் அனுபவத்தில் சொல்வதை எனக்குக் காரணத்தோடு சொல்லித் தந்தது இந்த இரண்டு அடைப்புக்குறிகள்தான். இந்தப் பூஜ்ஜியத்தை ஒருவர் தப்பாகக் கண்டுபிடித்தால் போவது ஐந்து மதிப்பெண் அல்ல. அடியில் நிற்கும் சித்தாளின் உயிர். அந்தச் சித்தாள் என் அம்மாவாகக் கூட இருக்கலாம்.

ஆகவேதான் சொல்கிறேன். மிஷின் விடை தரும். அந்த விடை நம்பும்படி இருக்கிறதா என்று சொல்லாது. மைனஸ் 10 அடி அறையை அது வெட்கமில்லாமல் காட்டும். காரணி பார்த்துப் பழகியவர் கண்ணுக்குத்தான் அது உறுத்தும்.

சங்கத்துக்கும் ஆசிரியர்களுக்கும் வேண்டுகோள்

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை நான் எழுதவில்லை. ஒரு வகுப்பில் இத்தனை பேரை வைத்துக்கொண்டு, குறித்த நாளுக்குள் பாடத்தை முடிக்க வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு. ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியை என்னால் மறக்க முடியவில்லை. அவளும் தமிழ் வழிதான். இரண்டு பருவத்திலும் கணக்கில் போய்விட்டது. இரண்டாம் ஆண்டு திறந்தபோது அவள் வரவில்லை. மில் வேலைக்குப் போய்விட்டாள். "எனக்கு மண்டையில ஏறல" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஏறாமல் இல்லை. மளிகைக் கடையில் நாலு சாமான் வாங்கினால் கடைக்காரருக்கு முன்னால் கூட்டிச் சொல்பவள் அவள். அவளுக்குத் தெரிந்த கணக்குதான் இது என்று சொல்ல ஆள் இல்லை.

எனவே என் யோசனைகள் இவை.

ஒன்று: முதலாண்டின் முதல் இரண்டு வாரம், கணக்குச் சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கம் பக்கமாக எழுதிப் போடுங்கள். ஃபங்ஷன் என்றால் சார்பு, ஜீரோ என்றால் பூச்சியம், ரூட் என்றால் மூலம், ஃபேக்டர் என்றால் காரணி. ஒரு தாள் போதும். அந்த ஒரு தாள் இருந்திருந்தால் நான் அன்று எழுந்து பதில் சொல்லியிருப்பேன்.

இரண்டு: சூத்திரம் நடத்தும் முன் காரணி, வரைபடம் இரண்டையும் நடத்துங்கள். காரணிக்கு ஒத்துவராத ஒன்றைக் கொடுத்து மாணவரைத் திணற விடுங்கள். அப்புறம் சூத்திரத்தைக் கொடுத்தால் அதன் அருமை தெரியும். பசித்தவனுக்குத்தானே சோற்றின் ருசி?

மூன்று: நம் சங்கம் மாலை ஒரு மணி நேரம் வகுப்பு நடத்தலாம். சீனியர்கள் சொல்லிக் கொடுக்கலாம். விளையாட்டு விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் எவ்வளவு பாடுபடுகிறோம்! இந்த பங்ஷனுக்கும் கொஞ்சம் பாடுபடுவோம். முதல் ஆளாக நான் வருகிறேன்.

நான்கு: யாராவது எழுந்து நின்று திணறினால் தயவுசெய்து சிரிக்காதீர்கள். உங்களுக்கு அது ஒரு நொடி. அவருக்கு ஒரு பருவம்.

அடுத்த பருவத்தில் அந்தப் பேப்பரை எழுதித் தேறிவிட்டேன். முடிவு வந்த அன்று, "அப்பா, அரியர் முடிஞ்சிருச்சு" என்றேன். "நல்லது தாயி. இனிமே வராதுல்ல?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்து, "அந்த 115 கணக்கு சொன்னியே, அது எப்படி வந்துச்சுன்னு சொல்லு" என்றார். வாசல் மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினேன். பாதி புரிந்தது என்றார். மீதியை இந்த லீவில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

முட்டை வாங்கியவர்களே, மனம் தளராதீர்கள். பூஜ்ஜியத்திலிருந்து ஓட வேண்டாம். அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள்!



மூன்றாம் ஆண்டு மாணவி,
கட்டடவியல் துறை